தூர்வாரியும் நீர்மட்டம் இறங்காதது ஏன்?

கேள்வி: வயலை ஒட்டி ஓடும் வடிகாலை 800 மீட்டர் நீளத்துக்குத் தூர்வாரி, ஒரு மீட்டர் ஆழப்படுத்தினோம். அடுத்து வந்த வெள்ளத்திலும் தண்ணீர் பழைய தடத்தையே தொட்டது. எங்கள் எல்லைக்கு 300 மீட்டர் கீழே ஒரு குழாய்ப்பாலம் இருக்கிறது. இன்னும் ஆழமாகத் தோண்டலாமா?

பதில்: அளவெடுக்காமல் தோண்ட வேண்டாம். நீங்கள் வெட்டிய ஒரு மீட்டர், குழாய்ப்பாலத்தில் உள்ள குழாயின் அடிமட்டத்துக்குக் கீழே போயிருந்தால் அது வெறும் குட்டைதான். வெள்ளம் வருவதற்கு முன்பே நிரம்பி நிற்கும் அந்தப் பள்ளம் வெள்ள நீரைக் கடத்தப் பெரிதாக உதவாது என்பதோடு, அங்கே ஓட்டம் மெதுவாகிவிடுவதால் வண்டலும் அதிலேயே வந்து படியும்.

சமவெளி வடிகால்களில் நீரின் வேகம் பெரும்பாலும் விநாடிக்கு ஒரு மீட்டரைச் சுற்றியே இருக்கும். ஆனால் 2 மீட்டர் ஆழமுள்ள நீரில் ஒரு நீண்ட அலை விநாடிக்கு ஏறத்தாழ 4.4 மீட்டர் வேகத்தில் நகரும். ஓட்டத்தின் வேகத்தை அலையின் வேகத்தால் வகுத்துக் கிடைப்பதே ஃபுரூட் எண். அது ஒன்றுக்குக் குறைவாக இருக்கும்போது கீழேயுள்ள தடையின் பாதிப்பு ஓட்டத்தை எதிர்த்து மேலே ஏறிவரும், உங்கள் கரையோர நீர்மட்டத்தையும் அந்தத் தடையே நிர்ணயிக்கும். (கல்லெறிந்து வளையங்கள் எதிர்த்திசையில் போகின்றனவா என்று பார்க்கச் சொல்வார்கள். ஆழமான நீரில் அந்தச் சிற்றலைகள் மெதுவாகவே ஓடும் என்பதால், அந்தச் சோதனையை நம்பிவிட முடியாது.) தடைக்கு மேலே நீர் இப்படித் தேங்கி நிற்கும் பின்தேக்கம் எவ்வளவு தூரம் எட்டும் என்று தோராயமாக அறிய, ஆழத்தைச் சரிவால் வகுத்துப் பாருங்கள்: 2 மீட்டர் ஆழம், 2000-க்கு 1 சரிவு என்றால் கணக்கு 4 கிலோமீட்டர் வரை போகிறது. உங்கள் 300 மீட்டர் அந்தத் தூரத்துக்குள் நன்றாகவே அடங்கிவிடுகிறது.

அடுத்த வெள்ளத்தின் உச்சத்தில், கரையில் நின்றபடியே, பாலத்தின் மேல்புறமும் கீழ்ப்புறமும் முளையடித்து நீர்மட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். தவறவிட்டால், வடிந்த பிறகு செடிகளில் தங்கிய சருகுக் கோடே அடையாளம். கொத்தனார் வைத்திருக்கும் டியூப் லெவல் பாலத்துக்குப் போதும், முழு 800 மீட்டருக்கும் நில அளவையாளர்கள் முக்காலியில் வைத்துப் பார்க்கும் ஆட்டோ லெவல் வேண்டும். பாலத்தின் இருபுறத்துக்கும் 30, 40 சென்டிமீட்டர் வித்தியாசம் இருந்தால் குறுக்கே நிற்பது பாலமே. வித்தியாசம் மிகக் குறைவாக இருந்தும், 800 மீட்டரில் 40 சென்டிமீட்டர் இறங்க வேண்டிய நீர்ப்பரப்பு 10 சென்டிமீட்டர்தான் இறங்குகிறது என்றால், தடை இன்னும் கீழே, ஒருவேளை வடிகால் கலக்கும் ஆற்றின் மட்டத்திலேயே இருக்கிறது.

நீர்ப்பரப்பின் சரிவு பழைய தரைச் சரிவோடு ஒத்துப்போனால் மட்டுமே கோரையையும் புல்லையும் சந்தேகிக்க வேண்டும், அப்போது அந்தச் சந்தேகம் வலுவானதே. அயர்லாந்துப் பொறியாளர் ராபர்ட் மேனிங் கால்வாய் ஓட்டத்துக்கு 1889-இல் முன்வைத்த சமன்பாட்டில், தரையும் செடிகளும் ஓட்டத்தை எவ்வளவு தடுக்கின்றன என்று காட்டும் சொரசொரப்பு எண் என்று ஒன்று வருகிறது. புல் அகற்றிய மண் கால்வாய்க்கு அது சுமார் 0.022, நீர்மட்டம் வரை கோரை அடர்ந்தால் 0.08-ஐ எட்டும். அகலமான கால்வாயில் அதே நீரளவைக் கடத்த அப்போது இரண்டு மடங்குக்கும் மேற்பட்ட ஆழம் தேவைப்படும். மண்வெட்டியைவிட அரிவாள் அதிகம் சாதிக்கும் இடம் இது. ஆனால் மழைக்காலம் தொடங்குவதற்குச் சற்று முன் அறுக்க வேண்டும், நான்கு மாதம் முன்னதாக அறுத்தால் மீண்டும் வளர்ந்து நிற்கும்.

பாலம்தான் தடை என்று உறுதியானால், குழாயை அகலப்படுத்தும் முன் கீழே இருப்பவர்களிடமும் பேசிவிடுங்கள். இப்போது உங்கள் வயலில் தேங்கி மெல்ல வடியும் நீர், அதன்பின் ஒரே மூச்சில் அவர்கள் கரைக்குப் போய்ச் சேரும்.