டிஸ்னி வேர்ல்டுல குளூட்டன் இல்லாம சாப்பிடறது எப்படி? உங்க கேள்விகளுக்கு பதில்

என் பொண்ணுக்கு சீலியாக் இருக்கு, அதாவது கோதுமை மாதிரி தானியங்கள்ல இருக்கற குளூட்டன்ங்கற புரதம் உடம்புக்கு ஆகாத நோய். அமெரிக்காவுல இருக்கோம், ஃப்ளோரிடா டிஸ்னி வேர்ல்டுக்கு குடும்பத்தோட அடிக்கடி போறவங்க நாங்க. கேட்டவங்க எல்லாருக்கும் எனக்கு தெரிஞ்ச வரைக்கும் சொல்றேன்.

கேள்வி: அக்கா, பையனுக்கு 6 வயசு, இப்பதான் சீலியாக்னு சொன்னாங்க. ஆர்லாண்டோ டிக்கெட் ஏற்கனவே போட்டாச்சு, கேன்சல் பண்ணிடலாமான்னு இருக்கு.

வேணாம்மா, தைரியமா கூட்டிட்டு போங்க. வெளியில சாப்பிடறதுக்கு இவ்வளவு ஏற்பாடு இருக்கற இடம் ரொம்ப கம்மி. கவுன்ட்டர்ல வாங்கற கடைகள்ல நிறைய இடத்துல அலர்ஜிக்குன்னு தனி மெனு இருக்கும், அவங்க ஆப்ல மொபைல் ஆர்டர் போடறப்பவும் அதே மெனு வரும், அதுல 'குளூட்டன்/கோதுமை'ன்னு இருக்கற பகுதியில இருந்து மட்டும் எடுங்க. உட்கார்ந்து சாப்பிடற ரெஸ்டாரன்ட்னா 60 நாள் முன்னாடியே புக் பண்ணலாம், புக் பண்றப்பவே அலர்ஜியை குறிச்சிடுங்க, ஆனா குறிச்சாச்சேன்னு விட்டுடாம டேபிள்ல உட்கார்ந்ததும் மறுபடி சொல்லுங்க, செஃப் இல்லன்னா இதுக்குன்னு ட்ரெயினிங் எடுத்தவங்க யாராவது வந்து பேசுவாங்க. பையனையும் பக்கத்துல வச்சுக்கிட்டே பேசுங்க, அவனும் கேட்டு பழகட்டும்.

கேள்வி: மெனுல போட்டிருந்தா அப்படியே நம்பி சாப்பிடலாமா?

மெனு ஆரம்பம்தான். கோதுமை ரொட்டி, பன் எல்லாம் போற அதே கிச்சன்லதான் நம்ம சாப்பாடும் ரெடியாகுது. அதனால பொரிச்சதுன்னா எண்ணெய் தனியா, பன்னுன்னா டோஸ்டர் தனியா, கிளவுஸ் மாத்துவீங்களா, இந்த மூணையும் ஒவ்வொரு இடத்துலயும் கேளுங்க. உருளைக்கிழங்கு வறுவல்ல கோதுமையே இல்லன்னாலும், ரொட்டித்தூள் போட்ட சிக்கனை பொரிச்ச எண்ணெய்லயே அதையும் போட்டா அது நமக்கு ஆகாது. 'நாங்க கோதுமை அவாய்ட் பண்றோம்'னு மெதுவா சொல்லாதீங்க, சீலியாக்னு நேரா சொல்லுங்க. நம்ம ஆளுங்களுக்கு இதுல ஒரு கூச்சம் இருக்கு, பின்னாடி லைன்ல ஆள் நிக்குது, தொந்தரவு பண்றோமோன்னு. நிக்கட்டும், புள்ள உடம்பு அதை விட முக்கியம்.

கேள்வி: நாங்க சுத்த சைவம். குளூட்டனும் இல்லாம சைவமும்னா பட்டினிதானா?

பட்டினி எல்லாம் இல்ல, ஆனா இங்கதான் நிறைய பேர் மாட்டிக்கறாங்க. மெனுல இலை படம் போட்டிருந்தா செடியில இருந்து வந்த உணவுன்னு மட்டும்தான் அர்த்தம், குளூட்டன் இல்லன்னு அர்த்தம் இல்ல. கறி மாதிரி இருக்கணும்னு சைத்தான் (seitan)னு ஒண்ணு போடுவாங்க, அது முழுக்க முழுக்க கோதுமை குளூட்டன்ல செய்யறது. டோஃபுல (சோயா பனீர்) ஊத்தற சாதாரண சோயா சாஸ்லயும் கோதுமை இருக்கும். டிஸ்னி வேர்ல்டுல இருக்கற அனிமல் கிங்டம் பார்க்ல சாட்டுலி கேன்டீன்ல சாதம், பீன்ஸ் வச்சு கிண்ணத்துல தருவாங்க, அங்க அலர்ஜி மெனுவை பாருங்க, வயிறு நிறையும். அனிமல் கிங்டம் லாட்ஜ்ங்கற டிஸ்னி ஹோட்டல்ல சனானு ஒரு ரெஸ்டாரன்ட், நம்ம ஊர் ருசியும் ஆப்பிரிக்க ருசியும் கலந்து இருக்கும், ரொட்டியும் விதவிதமான சட்னியும்தான் அங்க ஃபேமஸ், குளூட்டன் இல்லாத மாதிரி கேட்டு வாங்கலாம்.

கேள்வி: பார்க் உள்ள வீட்டு சாப்பாடு விடுவாங்களா? அம்மா புளியோதரை கட்டித் தரேன்னு சொல்றாங்க.

விடுவாங்க. கண்ணாடி பாட்டில், உதிரி ஐஸ் இதெல்லாம் கூடாது, பெரிய கூலர் பெட்டியும் கூடாது, மத்தபடி பேக்ல வச்சு எடுத்துட்டு போகலாம்.

ஆனா அந்த புளியோதரைல பெருங்காயம் போடுவாங்கல்ல? கடைல விக்கிற கூட்டுப் பெருங்காயத்துல நிறைய பிராண்டுல கோதுமை மாவு கலந்திருக்கும், டப்பாவை திருப்பி பாருங்க. ரவை, சேமியா வேணாம்னு எல்லாருக்கும் தெரியும், பெருங்காயத்தை யாரும் யோசிக்கவே மாட்டாங்க. கடைல வாங்கற சாம்பார் பொடி, ரசப்பொடி, இட்லிப்பொடி, ஊறுகா எல்லாத்துலயும் அந்த பெருங்காயம் ஒளிஞ்சிருக்கலாம். அரிசி மாவுல செஞ்ச பெருங்காயம் கிடைக்குது, அதை வாங்கி அம்மா கைல குடுத்துட்டு அப்புறம் புளியோதரை கிளறச் சொல்லுங்க.

கேள்வி: பொண்ணுக்கு அங்கதான் பர்த்டே. ஸ்வீட், கேக்?

டிஸ்னி ஸ்ப்ரிங்ஸ்ங்கற அவங்க கடைவீதில எரின் மெக்கென்னாஸ் பேக்கரி இருக்கு, கடை முழுக்க குளூட்டன் கிடையாது, பாலும் முட்டையும்கூட கிடையாது. கப்கேக், டோனட்னு கண்ணாடிக்குள்ள இருக்கற எதை வேணா கை காட்டுன்னு புள்ளைகிட்ட சொல்ற சந்தோஷம் இருக்கே, சீலியாக் புள்ளைய வளர்க்கறவங்களுக்குத்தான் அது புரியும். மிக்கி வாஃபிள் குளூட்டன் இல்லாம நிறைய இடத்துல கேட்டா தருவாங்க. வெயிலுக்கு மேஜிக் கிங்டம் பார்க்ல அலோஹா ஐல்னு ஒரு கடைல பைனாப்பிள் டோல் விப் (ஐஸ்க்ரீம் மாதிரி இருக்கும்), கோன் வேணாம், கப்ல வாங்குங்க.

கேள்வி: பஃபே?

எல்லாரும் ஒரே கரண்டிய அங்கயும் இங்கயும் போடுவாங்க, அதனால தட்டை எடுத்துட்டு நேரா போகாதீங்க. உள்ள கிச்சன்ல இருந்து தனியா கொண்டு வரச் சொல்லுங்க.

கேள்வி: கூட மாமியாரும் வராங்க. லீவுல ஒரு நாள் கொஞ்சம் சாப்பிட்டா என்ன ஆகும்னு கேக்கறாங்க.

பொறுமையா சொல்லுங்க. இது வயிறு ஒத்துக்காத விஷயம் இல்ல, குளூட்டன் உள்ள போனா உடம்போட எதிர்ப்பு சக்தியே சிறுகுடலோட உள்பக்கத்தை தாக்குது, வெளியில வாந்தி, வயித்துவலி எதுவும் தெரியலன்னாலும் உள்ள சேதம் நடக்கும். இதுக்கு மாத்திரை கிடையாது, சாப்பாடு ஒண்ணுதான் வைத்தியம். அமெரிக்காவுல பாக்கெட்ல குளூட்டன் ஃப்ரீன்னு போடணும்னா பத்து லட்சத்துல 20 பங்குக்கு கீழ இருக்கணும்னு சட்டம், அவ்வளவு சின்ன அளவை பத்தி பேசறோம்னு அவங்ககிட்ட சொல்லிப் பாருங்க. அப்புறம் டேபிள்ல கேள்வி கேக்கற பொறுப்பை அவங்ககிட்டயே குடுங்க, பேத்தின்னு வந்துட்டா நம்மள விட நல்லா கேப்பாங்க.

கேள்வி: ஃப்ளைட்ல தயிர் சாதம் கொண்டு போகலாமா?

தயிர் தனியா இருந்தா செக்யூரிட்டில திரவ கணக்குல எடுத்துப்பாங்க, ரொம்ப தளதளன்னு பிசைஞ்சதுக்கும் கேள்வி வரலாம். எலுமிச்சை சாதம், இட்லி பிரச்சனை இல்லாம போகும். எலுமிச்சை சாதத்துக்கும் அந்த அரிசி மாவு பெருங்காயம்தான்.