‘ஆல்வேஸ் ஆன் மை மைண்ட்’: ஒரே பாட்டு, பல குரல்கள் – கேள்வி பதில்

வில்லி நெல்சன் பாடி 1982-இல் பெரும்புகழ் பெற்ற இந்த கன்ட்ரி (அமெரிக்கக் கிராமிய இசை வகை) காதல் பாட்டைப் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: இது எல்விஸ் பிரெஸ்லி பாட்டு என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். வில்லி நெல்சன் பாட்டு என்கிறார்களே, எது சரி?

இரண்டுமே இல்லை. எழுதியவர்கள் வெய்ன் கார்சன், ஜானி கிறிஸ்டோபர், மார்க் ஜேம்ஸ் என்ற மூன்று பேர். பெரும்பகுதி கார்சனுடையது. அவரே சொன்ன கதை இது: மெம்பிஸில் வேலை இழுத்துக்கொண்டே போக, வீட்டுக்கு ஃபோன் செய்து, வர இன்னும் கொஞ்ச நாள் ஆகும் என்றிருக்கிறார். மனைவிக்குக் கோபம். உன் நினைப்பாகவேதான் இருக்கிறேன் என்று சமாதானம் சொல்லப் போக, அதுவே பாட்டுக்கு விதையாகிவிட்டது. தயாரிப்பாளர் சிப்ஸ் மோமன் நடுவில் இன்னொரு பகுதி வேண்டும் என்று கேட்டார். உன் காதல் இன்னும் சாகவில்லை என்று சொல் என மன்றாடும் அந்த வரிகளை மற்ற இருவரும் சேர்ந்து முடித்துக் கொடுத்தார்கள்.

கேள்வி: அப்படியென்றால் முதலில் பாடியது யார்? ஆண் பாடுகிற பாட்டாகவே இருக்கிறதே, பெண்கள் பாடியிருக்கிறார்களா?

1970-இலேயே பி.ஜே. தாமஸ் பாடிப் பதிவு செய்தார், ஆனால் அது அப்போது வெளிவரவில்லை. 1972-இல் முதலில் கடைக்கு வந்த இரண்டு பதிவுகளும் பெண்களுடையவை: சோல் என்ற அமெரிக்கக் கறுப்பின இசை வகையின் பாடகி க்வென் மெக்ரே, அப்புறம் பிரெண்டா லீ. மெக்ரேயின் பதிவைத் தேடிக் கேளுங்கள். கணவன் மனைவியிடம் கேட்கிற மன்னிப்பு என்று நாம் முடிவு கட்டிவிட்ட பாட்டை ஒரு பெண் பாடும்போது, தவறு அவள் பக்கம் வந்துவிடுகிறது. இந்தப் பதிவுக்கு உரிய கவனம் கிடைக்கவே இல்லை என்பது என் நெடுநாள் வருத்தம்.

கேள்வி: அண்ணா, எல்விஸ் தன் மனைவி பிரிஸில்லாவைப் பிரிந்த துக்கத்தில் எழுதிய பாட்டாமே?

எழுதவில்லை, பாடினார். 1972 மார்ச் 29 அன்று ஹாலிவுட்டில் பதிவு செய்தார். அதற்கு முந்தைய நாள் அதே ஸ்டுடியோவில் பாடியது துள்ளலான ‘பர்னிங் லவ்’! பிரிஸில்லாவும் அவரும் பிரிந்து அப்போது சில வாரங்கள்தான் ஆகியிருந்தன, அதனால்தான் அவருக்காகவே பிறந்த பாட்டு போலக் கேட்கிறது. அமெரிக்காவில் ‘செப்பரேட் வேஸ்’ இசைத்தட்டின் மறுபக்கத்தில் போட்டார்கள். பிரிட்டனில்தான் முன்பக்கப் பாட்டாக வந்து முதல் பத்துக்குள் நுழைந்தது.

கேள்வி: உங்களுக்குப் பிடித்த பதிவு எது? ஏன்?

வில்லி நெல்சன், சந்தேகமே இல்லை.

இந்தப் பாட்டில் வரும் ஆள் தன் தவறை முழுதாக ஒப்புக்கொள்வதே இல்லை. உன்னைச் சரியாக நடத்தாமல் இருந்திருக்கலாம், சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம் என்று இழுக்கிறான். இனி மாறிவிடுவேன் என்ற உறுதிமொழிகூடக் கிடையாது. பாதி மன்னிப்புதான். யார் பாடினாலும் அந்தப் பாதியை என்ன செய்கிறார் என்றுதான் நான் கவனிப்பேன். எல்விஸ் வயலின்களையும் துணைக்குரல்களையும் சேர்த்துக்கொண்டு குரலை உயர்த்துகிறார். அந்த வேதனையில், பாதி மன்னிப்பு முழு மன்னிப்பு போல ஆகிவிடுகிறது. கேட்கிறவர் உருகிவிடுவார், அதில் குறையில்லை.

வில்லி அப்படிச் செய்வதில்லை. தாளத்துக்குச் சற்றுப் பிந்தி வரியைத் தொடங்குவார், சில இடங்களில் பேசுவது போலவே முடித்துவிடுவார். ஒவ்வொரு வரிக்கும் முன்னால் ஒரு தயக்கம் இருக்கிறது. ஐம்பதை நெருங்கிய மனிதர், அடுத்து என்ன சொல்வதென்று தெரியாமல் மனைவி முன்னால் நிற்கிறார். பாட்டின் சுபாவமே அந்தத் தயக்கம்தான் என்பதால் அவர் பாடும்போது ஒவ்வொரு சொல்லும் உண்மையாக விழுகிறது. இன்னொரு கன்ட்ரி பாடகரான மெர்ல் ஹேகார்டோடு ஆல்பம் செய்துகொண்டிருந்தபோது வில்லி இதைக் கேட்டார். ஹேகார்டுக்குப் பிடிக்கவில்லை, வில்லி விடவில்லை. தயாரித்தவர் யார் தெரியுமா? நடுப்பகுதி வேண்டும் என்று பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் கேட்ட அதே சிப்ஸ் மோமன். கன்ட்ரி பட்டியலில் முதலிடம், பொதுப் பட்டியலில் ஐந்தாம் இடம், 1983-இல் ஆண்டின் சிறந்த பாடலுக்கான கிராமி விருது.

கேள்வி: பிரிட்டிஷ் பாப் இரட்டையர் பெட் ஷாப் பாய்ஸ் இதை டிஸ்கோவாக்கிக் கெடுத்துவிட்டார்கள் என்பது என் கருத்து. ஒப்புக்கொள்வீர்களா?

மாட்டேன். 1987-இல், எல்விஸ் இறந்து பத்தாண்டு ஆனதையொட்டி பிரிட்டிஷ் தொலைக்காட்சி நடத்திய நிகழ்ச்சிக்காகத்தான் பாடினார்கள். பிறகு தனி இசைத்தட்டாக வெளியிட்டார்கள், அந்த ஆண்டு கிறிஸ்துமஸ் வாரத்தில் அதுதான் பிரிட்டனில் முதலிடம். அவர்களில் பாடுகிறவரான நீல் டென்னன்ட் உணர்ச்சியே காட்டாமல் பாடுவதைக் கேளுங்கள். இவன் உண்மையிலேயே வருந்துகிறானா என்ற சந்தேகம் வருகிறதல்லவா? அந்தச் சந்தேகம் வரிகளில் முதலிலிருந்தே இருக்கிறது, மற்றவர்கள் மூடி வைத்ததை இவர்கள் திறந்து காட்டினார்கள். பல்லவி முடிகிற இடத்தில் மூலத்தில் இல்லாத இரண்டு கார்டுகளையும் (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டங்கள்) சேர்த்தார்கள். அதனால் பாட்டு வீடு வந்து சேராமல் நடந்துகொண்டே இருக்கிறது.

கேள்வி: இத்தனை பேர் பாடினால் பணம் யாருக்குப் போகும்?

எழுதியவர்களுக்கும் பதிப்பாளருக்கும். அமெரிக்கச் சட்டப்படி, ஒரு பாட்டு ஒரு முறை வெளியாகிவிட்டால், நிர்ணயித்த தொகையைக் கட்டி யாரும் மறுபடி பதிவு செய்யலாம். வில்லியின் பதிவு விற்றதற்காக எல்விஸ் தரப்புக்கு ஒன்றும் கிடையாது.

கேள்வி: கிடாரில் புதிதாகக் கற்கிறேன். வாசிக்க முடியுமா?

முடியும். டி கீயில் டி, ஏ, பி மைனர், ஜி தெரிந்தால் பெரும்பகுதி வந்துவிடும். பேஸ் சுரம் டி-யிலிருந்து படிப்படியாக இறங்குவதுதான் அழகு, அதனால் ஏ கார்டில் சி ஷார்ப்பைக் கீழே வைத்து வாசியுங்கள்.

கேள்வி: பெற்றோரின் இருபத்தைந்தாவது திருமண நாளில் பாடலாமா? மன்னிப்புப் பாட்டு என்கிறீர்களே.

தாராளமாகப் பாடுங்கள். புதுமணத் தம்பதிக்கு என்றால் வேண்டாம் என்பேன். ஆனால் அப்பாவிடம் முன்கூட்டியே அர்த்தத்தைச் சொல்லிவிடுங்கள். முடிந்தால் அவரையே பாட வைத்துவிட்டு நீங்கள் கிடார் வாசியுங்கள்.