பெரியவர்களுக்குப் பொன்னுக்கு வீங்கி: டாக்டரிடம் கேளுங்கள்

பொது மருத்துவம் என் வேலை. பெரியவர்களுக்கு வரும் பொன்னுக்கு வீங்கியைப் பற்றிக் கேளுங்கள். குழந்தைக்கு என்றால் உங்கள் குழந்தை மருத்துவரிடமே போய்விடுங்கள்.

ஆண், 34, ஓசூர்: டாக்டர், இரண்டு நாளாகக் காய்ச்சல், உடம்பு வலி. இன்று காலை இடது காதுக்குக் கீழே வீங்கிவிட்டது. வாயைத் திறந்தால் உயிர் போகிறது. பொன்னுக்கு வீங்கியா, பல் வீக்கமா?

வீட்டில் யாரையாவது உங்கள் பின்னால் நின்று பார்க்கச் சொல்லுங்கள். இடது காது மடல் மேலே தூக்கி, வெளிப்பக்கம் தள்ளியிருக்கிறதா? தாடை எலும்பின் மூலை விரலுக்குத் தட்டுப்படாமல் வீக்கத்துக்குள் மறைந்துவிட்டதா? அப்படியென்றால் காதோரம் இருக்கும் உமிழ்நீர்ச் சுரப்பிதான் வீங்கியிருக்கிறது. மூலை நன்றாகத் தட்டுப்பட்டு, வீக்கம் அதற்குக் கீழே கழுத்தில் இருந்தால் பெரும்பாலும் நெறிகட்டு. பல்லில் சீழ் என்றால் அந்தப் பல்லைத் தட்டினாலே வலிக்கும்.

சுரப்பி வீங்கினாலும் எல்லாமே பொன்னுக்கு வீங்கி ஆகிவிடாது. சாப்பிடும்போது புடைத்து, பிறகு வடிந்து, மறுபடி அடுத்த வேளை புடைத்தால் உமிழ்நீர்க் குழாயில் கல் இருக்கலாம். மேல் கடைவாய்ப் பல்லுக்கு நேராகக் கன்னத்தின் உட்புறத்தில் ஒரு சின்னத் துளை உண்டு. வீக்கத்தை அமுக்கும்போது அதன் வழியே சீழ் வந்தால் அது பாக்டீரியா. சரியாகத் தண்ணீர் குடிக்காமல் படுக்கையில் இருக்கும் முதியவர்களிடம் இதைப் பார்க்கலாம். வலியே இல்லாமல் மாதக்கணக்கில் வளரும் கட்டியோ, முகம் ஒரு பக்கம் கோணுவதோ இருந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரைத் தள்ளிப்போடாமல் பாருங்கள்.

நீங்கள் சொல்வது பொன்னுக்கு வீங்கி மாதிரிதான் இருக்கிறது. இன்னும் சில நாளில் வலப்பக்கமும் வீங்கலாம். நாலில் ஒருவருக்கு ஒரே பக்கத்தோடு நின்றுவிடும். அப்புறம், போனை ஒரு காதில் வைத்துக் கேளுங்கள், பிறகு மறு காதில். ஒரு பக்கம் மங்கினால் அன்றைக்கே மருத்துவமனை. அபூர்வம்தான், ஆனால் அந்தச் செவிட்டுத்தன்மை நிரந்தரமாகத் தங்கிவிடக்கூடும்.

பெண், 29, திருப்பூர்: ரத்தத்தில் அமைலேஸ் அதிகம் என்று ரிப்போர்ட். கணையம் கெட்டுவிட்டதாக லேபில் பயமுறுத்துகிறார்கள்.

அமைலேஸ் என்ற செரிமான நொதி எச்சிலிலும் இருக்கிறது அம்மா. சுரப்பி வீங்கினால் ஏறத்தான் செய்யும். மேல்வயிற்றில் கடும் வலியும் விடாத வாந்தியும் இருந்தால் மட்டும் கணையத்தைச் சந்தேகப்பட வேண்டும். அப்போது கணையத்தில் சுரக்கும் லைபேஸ் என்ற நொதியைப் பார்ப்பார்கள்.

ஆண், 45, விழுப்புரம்: மருந்துக்கடையில் அசித்ரோமைசின் கொடுத்தார்கள். மூன்று நாளாகியும் குறையவில்லை. வேறு நல்ல ஆன்டிபயாட்டிக் சொல்லுங்கள்.

சொல்ல மாட்டேன். இது வைரஸ், ஆன்டிபயாட்டிக்குக் கேட்காது. பாராசிட்டமால் 650, ஆறு மணி நேர இடைவெளியில், வலியும் காய்ச்சலும் இருக்கும்வரை (ஈரல் கோளாறு இருந்தால் உங்கள் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு). நிறைய நீராகாரம், குழைந்த சோறு, கஞ்சி. எலுமிச்சை, புளி, ஊறுகாய் வேண்டாம், எச்சில் சுரந்தால் வலி கூடும். வெந்நீர் ஒத்தடமோ ஐஸ் ஒத்தடமோ, எது இதமோ அது. ஒரு வாரம், பத்து நாளில் வடியும்.

பெண், 52, கும்பகோணம்: கழுத்தில் தங்கச் சங்கிலி போட்டால் இறங்கும் என்கிறாரே மாமியார்?

போட்டுக்கொள்ளுங்கள். வேப்பிலை மஞ்சள் பத்தும் சரி. சூடாக அப்பித் தோலைப் புண்ணாக்காதீர்கள்.

ஆண், 27, நாமக்கல்: சார், கன்ன வீக்கம் வடிந்துகொண்டிருந்தது. ஐந்தாம் நாள் குளிர்காய்ச்சல், வலது விரை வீங்கிச் சிவந்துவிட்டது. அடுத்த மாதம் கல்யாணம்.

தம்பி, பதறாதீர்கள், ஆனால் இன்றைக்கே ஒரு மருத்துவரிடம் காட்டுங்கள். திடீரென்று விரை வலி வந்தால் அது முறுக்கிக்கொள்ளவில்லை என்று முதலில் உறுதி செய்ய வேண்டும். முறுக்கு என்றால் ஆறு மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை. ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் பெரும்பாலும் சொல்லிவிடும்.

முறுக்கு இல்லையென்றால் வைரஸ் விரைக்கு இறங்கியிருக்கிறது. தடுப்பூசி போடாத, பருவம் கடந்த ஆண்களில் நூற்றுக்கு 15 முதல் 30 பேருக்கு இப்படி ஆகும். படுத்து ஓய்வெடுங்கள், இறுக்கமான உள்ளாடை போட்டுத் தாங்கல் கொடுங்கள், துணியில் சுற்றிய ஐஸ், வலி மாத்திரை. பாதிக்கப்பட்ட விரை பின்னால் கொஞ்சம் சிறுத்துப்போகலாம், பாதிப் பேருக்கு அப்படி நடக்கிறது. பெரும்பாலும் ஒரு பக்கம்தான் வரும், மறுபக்கம் வேலை செய்யும். குழந்தையே பிறக்காமல் போவது அபூர்வம். ஆண்மைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கல்யாணத்தைத் தள்ளிப்போட வேண்டாம்.

ஓசூர்க்காரருக்குச் சொன்னபடி நீங்களும் போனை வைத்துக் காதைச் சோதித்தீர்களா?

பெண், 38, மதுரை: சின்ன வயதில் எல்லா அரசுத் தடுப்பூசியும் போட்டிருக்கிறேன். எப்படி டாக்டர் வந்தது?

அரசுப் பட்டியலில் இதற்கு ஊசி இல்லை. 2017இல் தமிழ்நாட்டிலும் இன்னும் சில இடங்களிலும் தொடங்கிய எம்ஆர் ஊசி, தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும் மட்டும். பொன்னுக்கு வீங்கியும் சேர்ந்த எம்எம்ஆர் ஊசியைத் தனியாரிடம் காசு கொடுத்துப் போட வேண்டியிருக்கிறது.

ஆண், 60, கோவை: அரசு செய்தது சரி. சின்ன வயதில் வந்தால் லேசாகப் போய்விடும். இதற்கெல்லாம் ஊசி எதற்கு?

லேசாகப் போகிற வயதில் எல்லோருக்கும் வந்தால்தானே சார்? காசு உள்ள வீட்டுப் பிள்ளைகள் ஊசி போட்டுக்கொள்ள, வைரஸ் சுற்றுவது குறைந்து, மற்ற பிள்ளைகள் சிறு வயதில் தப்பி இருபது வயதில் விடுதியில் மாட்டிக்கொள்ளும் ஆபத்து உண்டு. போட்டால் எல்லோருக்கும் போட வேண்டும். ஃபின்லாந்து 1982 முதல் இரண்டு தவணை போட்டு நோயையே ஒழித்தது.

ஆண், 60, கோவை: அமெரிக்காவில் ஊசி போட்ட கல்லூரி மாணவர்களுக்கே வந்ததே?

வந்தது. 2006இல் நாடு முழுக்க மொத்தம் 6,500 பேருக்கு மேல். இரண்டு தவணைக்கும் பாதுகாப்பு 88 சதவீதம்தான், அதுவும் நாளடைவில் தேயும். ஆனால் 1967இல் ஊசி வருமுன் அங்கே ஆண்டுக்கு 1,86,000 பேர் அளவுக்குப் பதிவானார்கள். ஊசி போட்டவர்களுக்கு விரை வீக்கம், மூளைக்காய்ச்சல் போன்ற சிக்கல்களும் குறைவு. நாமக்கல் தம்பியிடம் லேசா என்று கேட்டுப் பாருங்கள்.

பெண், 26, திருச்சி: அண்ணனுக்கு வந்திருக்கிறது. நான் இப்போது எம்எம்ஆர் போடலாமா?

ஏற்கெனவே தொற்றியிருந்தால் தடுக்காது, தொற்றாவிட்டால் அடுத்த முறைக்கு உதவும். 28 நாள் இடைவெளியில் இரண்டு தவணை. கர்ப்பமாக இருந்தால் கூடாது, போட்டபின் ஒரு மாதம் கர்ப்பம் வேண்டாம். அண்ணன் வீங்கிய நாளிலிருந்து ஐந்து நாள் தனித் தட்டு, தனி டம்ளர், தனி அறை, வேலைக்கும் போகக்கூடாது. வீங்குவதற்கு இரண்டு நாள் முன்பே பரவத் தொடங்கியிருக்கும். அதனால் உங்களுக்கும் ஏற்கெனவே தொற்றியிருக்கலாம், வெளியே தெரிய நாளாகும், 25 நாள் வரை கவனம்.

ஆண், 31, வேலூர்: குழந்தை பிறக்காமல் போகுமா டாக்டர்?

நாமக்கல் பதிலைப் படியுங்கள்.

ஆண், 24, சென்னை: விரைக்கு இறங்காமல் இருக்க என்ன மாத்திரை?

அப்படி மாத்திரை இல்லை. நாமக்கல் பதில்.

ஆண், 41, ஈரோடு: தலைவலி தாங்கவில்லை, வெளிச்சம் கூசுகிறது, கழுத்தைக் குனிய முடியவில்லை.

இதைப் படித்துக்கொண்டிருக்காதீர்கள். இப்போதே யாரையாவது அழைத்துக்கொண்டு அவசரப் பிரிவுக்குப் போங்கள். வண்டியை நீங்கள் ஓட்டக்கூடாது.