சொந்தமாக உருவாக்கிய நாட்டுப்புறப் பாடலைத் தனி இசைக்கலைஞராகப் பதிவுசெய்து வெளியிடுபவர் எதில் கவனம் செலுத்த வேண்டும்?

எந்த ஒலிவாங்கி, எந்தக் கலையகம் என்று தேடத் தொடங்கும் முன், பாடுபவரும் தோல் கருவி அடிப்பவரும் ஒன்றாக உட்கார்ந்து பாடப்போகிறார்களா, தனித்தனியாகப் பதிவுசெய்து பின்னர் இணைக்கப்போகிறீர்களா என்பதை முடிவு செய்யுங்கள். இதுவரை மூன்று பாடல்களைச் சொந்தமாக வெளியிட்டிருக்கிறேன். மற்ற எல்லாம் இதற்குப் பிறகுதான் என்பது என் உறுதியான கருத்து.

முதல் பாடலைக் கிளிக் டிராக் (தாளம் பிசகாமலிருக்கக் காதில் ஒலிக்கவிடும் சீரான டிக் ஒலி) வைத்து, தோல் கருவியை ஒரு நாளும் குரலை மறுநாளுமாகப் பதிவுசெய்தோம். தாளம் எங்கும் பிசகவில்லை. ஆனால் பாட்டில் உயிர் இல்லை. பல்லவிக்குத் திரும்பும் இடத்தில் எங்கள் பாடகி மூச்சு வாங்குவதற்காக ஒரு கணம் தாமதிப்பார். நேரில் பாடும்போது அடிப்பவர் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே, ஓங்கிய கையை அப்படியே நிறுத்திக் காத்திருப்பார். அந்தக் காத்திருப்பைப் பின்னால் கணினியில் உண்டாக்க முடியவில்லை.

அதனால் இரண்டாவது பாடலை ஒரே அறையில், கிளிக் இல்லாமல் பதிவுசெய்தோம். குரலுக்குரிய கார்டியாய்டு ஒலிவாங்கியைப் பாடகியின் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் வைத்து, அதன் முதுகுப்புறம் தோல் கருவியை நோக்கும்படி திருப்பினோம். அவ்வகை ஒலிவாங்கி பின்பக்கத்து ஒலியைக் குறைவாகவே வாங்கும். பதிவின் தர அமைப்பு 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் என்று இருந்தால் போதுமானது. விலங்குத் தோல் ஈரக்காற்றில் தளரும், வறண்ட காற்றில் இறுகும் என்பதால், ஒவ்வொரு டேக்குக்கும், அதாவது ஒவ்வொரு முறை பாடிப் பதிவுசெய்வதற்கும் முன்பு சுருதியைச் சரிபாருங்கள். இல்லையென்றால் இரண்டு டேக்குகளை வெட்டி இணைக்கும்போது ஒட்டிய இடம் காதுக்குத் தெரிந்துவிடும்.

வெளியீட்டுக்கு முன் ஒலியை இறுதியாகச் சீரமைக்கும் மாஸ்டரிங்கில் ஒலியளவைக் கூட்டிக்கொண்டே போகாதீர்கள். ஸ்பாட்டிஃபை இயல்பு அமைப்பில் எல்லாப் பாடல்களையும் ஏறத்தாழ -14 எல்யூஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சத்தத்தை அளக்கும் அலகு) அளவுக்குக் கொண்டுவந்துவிடும். நீங்கள் கூட்டிய சத்தம் அங்கே குறைக்கப்படும், உச்ச ஒலியை அமுக்கும் லிமிட்டர் நசுக்கிய தோல் கருவியின் அடி மட்டும் நசுங்கியபடியே இருக்கும். பாடலை இத்தகைய தளங்களில் ஏற்றித் தரும் விநியோக நிறுவனம் கொடுக்கும், எழுத்தும் எண்ணுமாக 12 குறிகள் கொண்ட ஐஎஸ்ஆர்சி குறியீட்டை (ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் உரிய அடையாள எண்)க் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்; நிறுவனத்தை மாற்றினாலும் அதே பதிவுக்கு அதே குறியீடுதான் வர வேண்டும். பாடல் பட்டியல்களைத் தொகுக்கும் ஸ்பாட்டிஃபை ஆசிரியர் குழுவுக்குப் பாடலை முன்வைக்க வெளியீட்டுக்குக் குறைந்தது 7 நாட்கள் முன்பு அது பதிவேறியிருக்க வேண்டும்; நான் நான்கு வாரங்கள் விட்டுவிடுவேன்.

உரிமை விஷயத்தில்தான் நான் பெரிய தவறு செய்தேன். வரிகளுக்கும் மெட்டுக்கும் உள்ள உரிமை வேறு, ஒலிப்பதிவுக்கு உள்ள உரிமை வேறு. வழிவழியாக வந்த பழைய மெட்டு பொதுவில் இருக்கலாம். அதை ஒருவர் பாடிப் பதிவுசெய்த ஒலி அவருடையதாக இருக்கக்கூடும். என் மூன்றாவது பாடலில் அத்தகைய பழைய மெட்டில் இரண்டு அடிகள் இருந்தன. யோசிக்காமல் யூடியூப் கான்டென்ட் ஐடியில் (பதிவுசெய்த பாடலோடு பொருந்தும் காணொளிகளைத் தானாகக் கண்டுபிடித்து உரிமை கோரும் அமைப்பு) பாடலைச் சேர்த்தேன். அதே மெட்டைப் பாடியிருந்த வேறொரு குழுவின் காணொளிமீது என் பெயரில் உரிமைக்கோரல் போய் நின்றது. எல்லோருக்கும் சொந்தமான ஒன்றை என்னுடையது என்று சொன்னதாக ஆகிவிட்டதை நினைத்து மிகவும் வருந்தினேன். கோரலை அன்றே விலக்கச் செய்து, அந்தக் குழுவினரிடம் மன்னிப்பும் கேட்டேன்.

உங்கள் பாடலில் அப்படிப் பழைய அடி ஏதேனும் இருந்தால், அந்தப் பகுதியை மரபு மெட்டு என்றே விவரக்குறிப்பில் எழுதுங்கள், கான்டென்ட் ஐடியில் சேர்க்காதீர்கள். பாடியவர், அடித்தவர், குலவைபோல் பின்குரல் கொடுத்தவர் என அனைவரின் பெயரையும், வருமானத்தில் அவரவர் பங்கையும் பதிவுநாளுக்கு முன்பே ஒரு தாளில் எழுதி எல்லோரும் கையெழுத்திடுங்கள்.