ஒலியைக் கேட்டு ஓவியம் வரைவது பம்மாத்தா?

"குகை ஓவியங்களே எமக்கு வழிகாட்டி, ஒலியைக் கேட்டே வரைகிறோம் என்று சொல்லும் இன்றைய ஓவியர்கள் உண்மையில் எதையாவது கேட்கிறார்களா, இல்லை இது பம்மாத்தா?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஏதோ ஒரு கண்காட்சியில், சிவப்புப் புள்ளிகள் நிறைந்த படமொன்றின் முன் நெடுநேரம் நின்றும் ஒன்றும் பிடிபடாமல் திரும்பியிருப்பீர்கள் என நினைக்கிறேன். அத்தகைய படங்களை வரைபவன் என்பதால் பேசாமல் இருக்க முடியவில்லை.

1995 ஒக்ரோபரில் யுத்தத்தால் யாழ்ப்பாணத்து வலிகாமத்தை விட்டு இடம்பெயர்ந்தபோது ஐயாவின் பேக்கரியையும் விட்டுவிட்டுப் போனோம். பல ஆண்டுகள் கழித்துத் திரும்பியபோது கூரையும் கதவுகளும் இல்லை. பாண் சுடுவதற்கெனச் செங்கல்லால் வளைத்துக் கட்டிய போறணை மட்டும் கரி படிந்தபடி நின்றது. அதைத் துப்புரவாக்கத் தவழ்ந்து உள்ளே போனவன், என்னையறியாமல் ஏதோ ஒரு பாட்டை முனகினேன். பின்சுவரை அண்டிய ஓரிடத்தில் என் குரல் திடீரெனப் பருத்து நெஞ்சிலும், செங்கல்லில் ஊன்றியிருந்த உள்ளங்கையிலும் அதிர்ந்தது. ஒரு சாண் விலகினால் அந்த அதிர்வு இல்லை. "ஏனடா தம்பி, போறணைக்குள்ளை இருந்து முனகிறாய்?" என்று அம்மா வெளியிலிருந்து கேட்டது நினைவிருக்கிறது. அன்று மாலைவரை குரலை ஏற்றியும் இறக்கியும் தேடி, அதிர்ந்த இடங்களிலெல்லாம் தண்ணீரில் குழைத்த எங்கள் காணிச் செம்மண்ணை விரலால் ஒற்றினேன். கண்ணை நம்பி வரைந்திருந்தால் அந்தப் புள்ளிகளை நான் ஒருபோதும் அங்கே வைத்திருக்க மாட்டேன். இன்றும் கடதாசியைப் போறணைச் சுவரில் ஒட்டி, முதலில் செம்மண்ணும் பிறகே கரியுமாக அவ்வாறுதான் வரைகிறேன்.

ஆதிமனிதர் ஓவியம் தீட்டிய, பிரான்சின் அரியேஜ் பகுதிக் குகைகளைப் பற்றிப் பிற்பாடுதான் வாசித்தேன். இயேகோர் ரெஸ்னிகோவ், மிஷேல் டோவ்வா என்ற இரு ஆய்வாளர்கள் 1980களில் இருட்டில் குரல் கொடுத்தபடி அவற்றினுள் நடந்து, ஒலி நன்கு எதிரொலிக்கும் இடங்களிலேயே பெரும்பாலான ஓவியங்கள் இருப்பதாக 1988இல் எழுதினார்கள். அவற்றுள் ஒன்றான நியோ குகையில் காட்டெருதுகளும் குதிரைகளும் வரையப்பட்ட கூடத்துக்கு, வாசலிலிருந்து அரைக் கிலோமீற்றருக்கும் மேல் இருட்டில் நடக்க வேண்டும். அந்தக் கூடமோ ஒரு கோயில் மண்டபம்போல முழங்குவது. வேறெங்கும் சுவர் கிடைக்காமலா அவ்வளவு தூரம் போனார்கள்?

நான் தொல்லியலாளன் அல்லன். ஆய்வாளர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். வட ஸ்பெயினின் ஐந்து குகைகளை அளந்து 2017இல் வெளிவந்த ஆய்வு, ஓவியத்துக்கும் ஒலிக்குமான தொடர்பு பலவீனமானதே என்று கண்டதையும் அறிவேன். ஆனால் பிரான்சின் மார்சுலா குகையில் 1931இல் கிடைத்த சங்கை என்ன செய்வது? ஏறத்தாழ 18,000 ஆண்டுப் பழமையான அது ஊதுவதற்கென நுனி உடைக்கப்பட்டது என்று 2021இல்தான் கண்டறிந்தார்கள். குகைச் சுவரில் காட்டெருதின் மேல் விரலால் ஒற்றிய அதே செம்புள்ளிகள் அந்தச் சங்கின் உட்புறத்திலும் இருந்தன. மரணவீட்டில் சேமக்கலத்தோடு சங்கு ஊதக் கேட்டு வளர்ந்த எமக்கு இதற்குமேல் விளக்கம் தேவையா?

ஒரு முறை இங்கு என் படங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டபோது, மண்டபத்தில் அமைதி வேண்டும் என்று ஒரு மாதம் முன்பே கடிதம் கொடுத்திருந்தேன். திறப்பு விழாவன்று வாசலில் ஒலிபெருக்கி கட்டிச் சினிமாப் பாட்டுப் போட்டார்கள். படத்தின் முன் நின்று ஒருவரேனும் வாய்விட்டு முனகிப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே எல்லாவற்றையும் ஒழுங்கு செய்திருந்தேன், அது நடக்கவில்லை. அந்த வலி இன்னும் ஆறவில்லை.

நீங்கள் பார்த்த ஓவியரை மீண்டும் சந்தித்தால், எந்தப் புள்ளி எந்த இடத்தில், என்ன ஒலிக்கு வைக்கப்பட்டது என்று கேளுங்கள். சொல்லத் தெரியாவிட்டால் தாராளமாகச் சந்தேகப்படுங்கள். என் கடதாசிகளின் பின்புறத்தில், ஒவ்வொரு புள்ளிக்கும் நேரே அது எந்தச் சுரத்துக்கு அதிர்ந்தது என்று பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்.