கன்னியாகுமரியில் பிரசாரம் எந்த வாக்கை மாற்றுகிறது?

கேள்வி: மக்களவைத் தேர்தலில் கட்சிகளின் வியூகம், கொள்கை இரண்டில் எது உண்மையில் முடிவை மாற்றுகிறது? உங்கள் தொகுதியை வைத்துச் சொல்ல முடியுமா?

என் தொகுதி கன்னியாகுமரி. குலசேகரம் பக்கம் கொஞ்சம் ரப்பர் வைத்திருக்கிறேன். 2014 தேர்தலில் ஒரு கட்சிக்காக வாக்குச்சாவடி முகவராக உட்கார்ந்திருக்கிறேன். எந்தக் கட்சி என்று எழுதினால் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு அதையே பிடித்துக்கொள்வீர்கள். ஆகவே அது வேண்டாம்.

மூன்று எண்களிலிருந்து தொடங்குகிறேன். பாஜக வேட்பாளர் பொன். ராதாகிருஷ்ணன் இங்கே 2014இல் வாங்கியது 3.72 லட்சம் வாக்குகள். 2019இல் 3.67 லட்சம். 2024இல் 3.66 லட்சம். முதல் எண்ணுக்கு அவர் 1.28 லட்சம் வித்தியாசத்தில் வென்று மத்திய இணை அமைச்சரானார். இரண்டாவதற்குக் கிட்டத்தட்ட 2.6 லட்சத்தில் தோற்றார். மூன்றாவதற்கு 1.79 லட்சத்தில் தோற்றார். அவருக்குப் போட்டவர்கள் எண்ணிக்கையில் பெரிய மாற்றமே இல்லை. எதிரே நின்றவர்கள் எப்படி நின்றார்கள் என்பதுதான் மாறியது.

2014இல் காங்கிரஸ், திமுக, அதிமுக, மார்க்சிஸ்ட் நான்கும் தனித்தனியாக நின்றன. அன்று வாக்குச்சாவடியில் என் பக்கத்தில் வரிசையாக உட்கார்ந்திருந்த முகவர்களைப் பார்த்தபோதே முடிவு ஓரளவு தெரிந்துவிட்டது. நான்கு பேருமே ஒரே ஆளைத் தோற்கடிக்க வந்தவர்கள், ஒருவருக்கொருவர் வெற்றிலைப்பாக்கு கூடக் கொடுத்துக்கொண்டார்கள், வாக்கு மட்டும் நான்காகப் போனது. 2019இல் காங்கிரசின் வசந்தகுமாருக்குப் பின்னால் திமுகவும் இடதுசாரிகளும் சேர்ந்தன. அவருக்கு 6.27 லட்சம்.

அந்த 2019இல்தான் அதிமுக பாஜகவோடு கூட்டணி வைத்தது. அதிமுகவுக்கு 2014இல் இங்கே 1.76 லட்சம் வாக்குகள் கிடைத்திருந்தன. காகிதத்தில் கூட்டினால் கிட்டத்தட்ட ஐந்தரை லட்சம் வந்திருக்க வேண்டும். ஐயாயிரம் குறைந்ததுதான் மிச்சம். தலைவர்கள் கைகோத்துப் படம் எடுத்துக்கொண்டால் தொண்டனின் கை தானாகச் சின்னத்தை மாற்றி அழுத்தும் என்று சென்னையில் இருப்பவர்கள் நம்புகிறார்கள். 2021இல் மட்டும் கொஞ்சம் நடந்தது. வசந்தகுமார் மறைந்ததால், சட்டமன்றத் தேர்தலோடு சேர்ந்து வந்த இடைத்தேர்தலில் பாஜக 4.38 லட்சம் வாங்கியது. அதிமுகவினர் தங்கள் சட்டமன்ற வேட்பாளருக்காகத் தெருத்தெருவாகப் போனபோது கூட்டணிக்கும் சேர்த்துக் கேட்டார்கள் என்பதே காரணம் என்று நினைக்கிறேன். அப்போதும் வென்றது காங்கிரஸ்தான், வசந்தகுமாரின் மகன் விஜய் வசந்த்.

சரி, கொள்கை? வளர்ச்சி வேலை? 2019 மார்ச் 1 அன்று பிரதமர் மோடி கன்னியாகுமரிக்கு வந்து மார்த்தாண்டம், பார்வதிபுரம் மேம்பாலங்களைத் திறந்துவைத்தார். ஏழு வாரம் கழித்து வாக்குப்பதிவு. மார்த்தாண்டம் சந்திப்பில் பஸ்ஸில் அரைமணி நேரம் மாட்டிக்கொண்டு வெந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்தப் பாலம் பெரிய நிம்மதி. எந்தக் கட்சிக்காரரைக் கேட்டாலும் ஒப்புக்கொள்வார். பாலத்தின் மேல் போய் எதிர்ச்சின்னத்தில் போட்டுவிட்டு, பாலத்தின் மேலேயே வீடு திரும்பினார்கள்.

ஆனால் கொள்கைக்கு வேலையே இல்லை என்று சொல்லமாட்டேன். துறைமுகத்தைப் பாருங்கள். 2016இல் இனயத்தில் சரக்குப் பெட்டக மாற்று முனையம் அமைக்க மத்திய அமைச்சரவை கொள்கை அளவில் ஒப்புதல் தந்தது. கடலோர ஊர்கள் எதிர்த்தன. பிறகு இடம் கோவளத்துக்கும் கன்னியாகுமரிக்கும் இடையே மாறியது. அங்கும் எதிர்ப்பு. இதற்கு நடுவே 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல். கடலுக்குப் போனவர்களைத் தேட யாரும் வரவில்லை என்று குழித்துறையில் ரயில் தண்டவாளத்தில் மக்கள் உட்கார்ந்தார்கள். துறைமுகம் வரும் என்பது ஒரு பக்கத்தின் வாக்குறுதி, வராது என்பது மறுபக்கத்தின் வாக்குறுதி. முதல் வாக்குறுதி புதிதாக எவரையும் கொண்டுவரவில்லை. ஆனால் எதிரே நாலு திசையில் கிடந்த வாக்குகளை ஒரே கட்டாகக் கட்டிவிட்டது.

கட்டு எவ்வளவு இறுக்கம் என்பது 2024இல் தெரிந்தது. அதிமுக பாஜகவை விட்டுத் தனியாக வந்து, மீனவர் சமூகத்தைச் சேர்ந்த ஒருவரை நிறுத்தியது. கடற்கரையின் வாக்கைக் காங்கிரசிடமிருந்து பிரிக்கலாம் என்ற கணக்கு. நல்ல கணக்குதான். குளச்சல் பக்கம் என் மைத்துனர் வலைக்கடை வைத்திருக்கிறார். அங்கே வந்த பெரியவர் ஒருவரிடம் கேட்டேன். "நம்ம பையன்தான், நல்ல பையன். ஆனால் இந்தத் தடவை போட்டால் வாக்குப் பிரியும்" என்றார். "பிரியும்" என்ற அந்த ஒரு சொல்தான் எங்கள் ஊரின் தேர்தல் அறிக்கை. அதிமுக நான்காம் இடத்துக்குப் போனது, நாம் தமிழருக்கும் பின்னால்.

இதில் எனக்குள்ள வயிற்றெரிச்சல் ரப்பர். 2011இல் கிலோ 200 ரூபாயைத் தாண்டிய விலை 2016 தொடக்கத்தில் 100 ரூபாய்க்கும் கீழே போனது. பால்வடிப்பவருக்குக் கூலி கொடுத்தால் மிச்சம் இல்லை என்று பால் வடிக்காமலேயே மரத்தை விட்டவர்களை எனக்குத் தெரியும். களியக்காவிளை தாண்டினால் கேரள அரசு 2015 முதல் சிறு விவசாயிக்கு, அறிவித்த விலைக்கும் சந்தை விலைக்கும் உள்ள இடைவெளியைத் தருகிறது. எல்லைக்கு இந்தப் பக்கம் அதே மரம், அதே மழை, வெறுங்கை. மத்தியில் இரண்டு கூட்டணிகளுமே ஆண்டுவிட்டதால் ரப்பர் இறக்குமதியைப் பற்றி இரண்டுமே சத்தமாகப் பேசுவதில்லை.

ஏன் என்று யோசித்தால் மேலே சொன்ன கணக்கேதான். ரப்பர் வைத்திருப்பவர் இரு பக்கமும் இருக்கிறார், கோயிலுக்குப் போகிறவரும் சபைக்குப் போகிறவரும். விலை விழுந்தால் இருவருக்கும் ஒரே அடி. அதை வைத்து யாரையும் பிரிக்கவும் முடியாது, கட்டவும் முடியாது. 2024இல் என் வீட்டுக்கு மூன்று துண்டறிக்கைகள் வந்தன. மூன்றிலும் ரப்பருக்கு ஒரு வரி இருந்தது, மூன்றிலும் அது கடைசிக்கு முந்தைய வரி. கடைசி வரி சின்னம்.