மணி அடித்ததும் போனை வைத்துவிடுகிறேன்

கேள்வி: அப்பா இறந்து ஒன்றரை வருடம் ஆகிறது. இன்னும் ராத்திரியில் தூக்கம் இல்லை. வேலைக்குப் போகும்போது எல்.ஆர்.டி. ரயிலில் திடீரென்று அழுகை வருகிறது. தோழி ஒரு கவுன்சலரின் எண்ணைக் கொடுத்தாள். மணி அடித்ததும் போனை வைத்துவிடுகிறேன். மாமியார் வீட்டுக்குத் தெரிந்தால் 'தஞ்சோங் ரம்புத்தான் கேஸ்' என்பார்களே? போனாலும் என்ன பேசுவது?
— வாசகி, செந்தூல், கோலாலம்பூர்

அன்புத் தங்கைக்கு,

தஞ்சோங் ரம்புத்தான் என்று சொல்லியே நம் வீடுகளில் பிள்ளைகளைக்கூட மிரட்டியிருக்கிறோம். அங்கே 1911-இல் திறந்த மருத்துவமனை, கடுமையான மனநோயால் அவதிப்பட்டவர்களுக்கு அடைக்கலம் தந்த இடம். அவர்களும் நம் அண்ணன் தங்கைகள்தான். அந்த ஊர்ப் பெயரைக் கேலிப் பேச்சாக்கியது நம் சமூகம் செய்த பாவம் என்றே நினைக்கிறேன். அந்தப் பேச்சுக்குப் பயந்து நீங்கள் இன்னொரு வருடம் தூங்காமல் கிடக்க வேண்டாம்.

நீங்கள் பேசுவது வெளியே போகாது. மலேசியாவின் 1998-ஆம் ஆண்டு கவுன்சலர் சட்டப்படி, பதிவு பெற்ற கவுன்சலர் உங்கள் ரகசியத்தைக் காக்கக் கடமைப்பட்டவர். உயிருக்கு ஆபத்து என்பது போன்ற நிலைமைகளில்தான் விலக்கு. அதை முதல் நாளே விளக்கச் சொல்லுங்கள். பதிவு உண்டா என்றும் தயங்காமல் கேளுங்கள்.

போன் பேச வரவில்லை என்றால் விட்டுவிடுங்கள். தைரியம் வந்த பிறகுதான் போக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. வாட்ஸ்அப்பில் இரண்டு வரி போதும். இல்லையென்றால் வீட்டுக்குப் பக்கத்திலுள்ள அரசாங்கக் கிளினிக்குக்கு, அதுதான் கிளினிக் கெசிஹாத்தான், நேராகப் போங்கள். குடிமக்களுக்கு 1 ரிங்கிட்தான். "தூக்கம் வரவில்லை, டாக்டர்" என்று ஆரம்பித்தால் போதும். உடம்பில் வேறு கோளாறு இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். கடந்த ஒரு வாரம் மனசு எப்படி இருந்தது என்று கேட்கும் தாள் ஒன்றைத் தரலாம். கூச்சப்பட்டுக் குறைத்து எழுதாதீர்கள். தேவைப்பட்டால் அவர்களே அடுத்த இடத்துக்குக் கடிதம் கொடுப்பார்கள்.

என்ன பேசுவது என்ற கவலைக்கு உங்கள் கையிலேயே வழி இருக்கிறது. எனக்கு எழுதியதை அப்படியே அவரிடம் நீட்டுங்கள். மீதியை அவர் கேட்பார்: தூக்கம், சாப்பாடு, வீடு, வேலை, அப்பா. பதில் வராமல் அழுதுகொண்டே இருந்தாலும் பரவாயில்லை, அதற்கும் அந்த நேரம் உங்களுக்குத்தான். தமிழில் பேசுபவர் வேண்டுமா? முன்கூட்டியே சொல்லுங்கள். அப்பாவைப் பற்றிப் பேசும்போது வார்த்தை தேட வேண்டியிருக்கக் கூடாது. இரண்டு மூன்று முறை போயும் மனசு ஒட்டவில்லை என்றால் வேறொருவரைப் பாருங்கள். அவர் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

நடுராத்திரியில் தாங்க முடியாமல் போனால், மனம்விட்டுப் பேச உதவும் தொலைபேசிச் சேவை ஒன்று இருக்கிறது: பிஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூர், 03-76272929. 24 மணி நேரமும் ஆள் இருப்பார்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் அப்பாயின்ட்மென்ட் நாள்வரை காத்திருக்காமல் உடனே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய சட்டப்பிரிவை 2023-இல் நீக்கிவிட்டார்கள்; போலீஸ் கேஸ் ஆகுமோ என்று பயப்பட வேண்டாம்.

மாமியாரிடம் இப்போது எதுவும் சொல்ல வேண்டியதில்லை. பல் டாக்டரிடம் போவதை யாரிடம் சொல்கிறோம்? கணவர் புரிந்துகொள்வார் என்று தோன்றினால் அவரிடம் மட்டும் சொல்லி, முதல் நாள் துணைக்கு வரச் சொல்லுங்கள். அவர் வெளியே காத்திருக்கட்டும், நீங்கள் தனியாகப் பேசுங்கள்.

அன்புடன்,
அக்கா